கேரட்டுக்கு எத்தனை லிட்டர்? எந்த சாட்டிலைட்டை நம்பி குட்டையைத் திறக்குறது

பொங்கல் முடிஞ்ச கையோட எங்க வீட்ல வருஷாவருஷம் வர்ற பஞ்சாயத்து இது. கொடைக்கானல் மேல்மலைல மன்னவனூர் பக்கம் ஒன்றரை ஏக்கர், படிப்படியா வெட்டின காடு, அதுல 50 சென்ட்ல கேரட், மிச்சத்துல பூண்டு, ஓரத்துல கொஞ்சம் பட்டாணி, கீழ ரெண்டு படி சும்மா கிடக்கும். ஜனவரிக்கு மேல மழையை நம்ப முடியாது, ஓடையும் பிப்ரவரி பாதில நூல் மாதிரி ஆயிரும், அப்புறம் ஷீட் போட்ட குட்டைல நிக்கிற 2 லட்சம் லிட்டர்தான் கேரட்டுக்குக் கதி. அது எத்தனை நாள் வரும், சும்மா கிடக்குற 20 சென்ட்லயும் விதைச்சுரலாமா? அப்பா 20 நாள்தான் வருங்கறாரு, சித்தப்பா ஒரு மாசம் தாராளமா வருங்கறாரு, ரெண்டு பேரும் ஒரே மண்ணைத்தான் கையில எடுத்துப் பிசைஞ்சு பாத்துட்டுச் சொல்றாங்க. நான் கோயம்புத்தூர்ல படிச்சுட்டு வந்தவன்ங்கறதால "நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்டா"னு என் தலையில கட்டிட்டாங்க. அப்படி ஆரம்பிச்சு ரெண்டு சீசனா எந்த டேட்டா நம்ம மலைக்கு ஒத்து வரும்னு தோண்டிக்கிட்டு இருக்கேன், கேட்டவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிரலாம்னு தோணுச்சு.

முதல்ல எந்த நம்பர் வேணும்ங்கறதைப் பாத்துருவோம். மண்ணுல இருந்து ஆவியாகுறது, இலை வழியா போறது ரெண்டையும் சேத்து ஈடின்னு சொல்றாங்க, ஒரு நாளைக்கு இத்தனை மில்லிமீட்டர்னு கணக்கு. 1 மில்லிமீட்டர்னா சென்ட்டுக்கு சுமார் 40 லிட்டர், ஏக்கருக்கு 4,047 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 3 மில்லிமீட்டர் போச்சுன்னா 12,000 லிட்டர் லாரி ஒண்ணு தினமும் காத்துல கரையுதுன்னு வச்சுக்கங்க. தண்ணிக் குறையே இல்லாத பச்சைப் புல்லு ஒரு நாளைக்கு எவ்வளவு விடும்ங்கறது ரெஃபரன்ஸ் ஈடி, அதை பயிரோட கெழுவால, அதாவது அந்தப் புல்லை விட நம்ம பயிர் எத்தனை மடங்கு குடிக்கும்ங்கற எண்ணால பெருக்கணும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998ல போட்ட 56ஆம் நம்பர் கையேட்டுல கேரட்டுக்கு ஆரம்பத்துல 0.7, நடுப்பருவத்துல 1.05, கடைசில 0.95னு இருக்கு, இதுல பெருசா சண்டை இல்ல. சண்டையெல்லாம் அந்த ரெஃபரன்ஸ் நம்பர்லதான். அது 3.2ன்னு எடுத்தா நடுப்பருவத்துல 50 சென்ட்டுக்கு நாளைக்கு 6,800 லிட்டர், ஸ்பிரிங்க்ளர்ல நாலுல ஒரு பங்கு வீணாப் போகும்னு வச்சா 9,000, குட்டை 22 நாள்ல காலி. 2.4ன்னு எடுத்தா 29 நாள். ஒரு மில்லிமீட்டர்கூட முழுசா இல்ல, அதுக்குள்ள ஒரு வாரத் தண்ணி ஒளிஞ்சிருக்கு, அப்பாவும் சித்தப்பாவும் அடிச்சுக்கிறது இந்த 0.8க்காகத்தான்.

சாட்டிலைட்டுக்கு முன்னாடி சட்டியை முயற்சி பண்ணேன். முறைப்படி செய்யணும்னா கிளாஸ் ஏ பேன், 120.7 சென்டிமீட்டர் விட்டம், ஒரு சாண் ஆழம், மரச்சட்டத்து மேல வைக்கணும், தினமும் தண்ணி மட்டம் எவ்வளவு குறையுதோ அதுல 0.7 பங்கு ரெஃபரன்ஸ் ஈடின்னு தோராயமா எடுத்துக்கலாம். நான் நீல டிரம்மைப் பாதியா அறுத்து வச்சேன். நாலு நாள் ஒழுங்கா ஓடுச்சு, அஞ்சாவது நாள் காலைல பாத்தா ஒரே ராத்திரில 60 மில்லிமீட்டர் குறைஞ்சு கிடக்கு, சகாராவுலகூட அப்படி ஆவியாகாது, பக்கத்துல பாத்தா காட்டுமாட்டுக் குளம்பு. வலை போட்டு மூடுனா காத்தும் வெயிலும் தடைபட்டு ஆவியாகுறதே குறைஞ்சுருது, உறைபனி விழுற காலைல மேல ஆடை மாதிரி ஐஸ் பிடிச்சு ஸ்கேலை விட முடியல. கொடைக்கானல் மேல்மலைல சட்டியைக் காவல் காக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குக் கூலி கொடுக்குறதுக்கு லாரில தண்ணி வாங்கி ஊத்திரலாம்.

அடுத்தது வெறும் தெர்மாமீட்டர். ஹார்க்ரீவ்ஸ்னு ஒரு ஃபார்முலா, அதிகபட்சம் குறைஞ்சபட்சம் ரெண்டு வெப்பநிலை இருந்தாப் போதும், மிச்சம் அட்ச ரேகையும் தேதியும்தான். சராசரியோட 17.8 கூட்டி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோட வர்க்கமூலத்தால பெருக்கி, அப்புறம் 0.0023ஆல பெருக்கி, வானத்து உச்சில விழுற வெயில் கணக்கால பெருக்கணும். நம்ம அட்ச ரேகைக்கு பிப்ரவரி நடுவுல அந்த உச்சி வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 34.5 மெகாஜூல், அதை 0.408ஆல பெருக்குனா மில்லிமீட்டர் ஆயிரும். பகல் 18.5, ராத்திரி 8.5 இருந்தா 3.2 வருது. செலவே இல்லாத கணக்கு. ஆனா இதுல ஒரு வில்லங்கம், பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் ஜாஸ்தின்னா வெயில் ஜாஸ்தின்னு இந்த ஃபார்முலா நினைச்சுக்குது. எங்க காடு இருக்குறது பள்ளத்துல, ஜனவரி ராத்திரில மேட்டுக் குளிர்காத்து பூரா வழிஞ்சு வந்து அங்கதான் தேங்கும், 2 டிகிரிக்குப் போயிரும், மேல ரோட்டோரம் 7 டிகிரி இருக்கும். பகல் ரெண்டுலயும் 19. ஃபார்முலாவைக் கேட்டா பள்ளத்துல 3.5, ரோட்டுல 3.2னு சொல்லுது. பனி விழுற பள்ளத்துல பயிர் அதிகமாக் குடிக்கும்னு சொல்ற கணக்கை எங்க அப்பாகிட்ட கொண்டு போக எனக்கு தைரியம் இல்ல.

சரி, அப்ப வெயிலை நேராவே அளந்துருவோம்னுதான் சாட்டிலைட் பக்கம் வந்தேன். ஏன் வெயிலுக்கு இவ்வளவு முக்கியத்துவம்னா, கீழ ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கமெல்லாம் காய்ஞ்ச காத்தே பயிர்ல இருந்து தண்ணியை உறிஞ்சிரும், வெயில் பாதி காத்து பாதி. இங்க 1,900 மீட்டர்ல காத்து குளிரா ஈரமா இருக்கு, அதோட உறிஞ்சுற சக்தி கம்மி, ஆவியாக்குற வேலையை வெயில்தான் பெரும்பாலும் பாக்குது. அதனால பிரீஸ்ட்லி, டெய்லர்னு ரெண்டு பேர் 1972ல கொடுத்த சின்ன ஃபார்முலாவே போதும், நிகர வெயிலும் (வந்ததுல திரும்பிப் போனது போக மிச்சம்) வெப்பநிலையும் கொடுத்துட்டு 1.26ஆல பெருக்குனா முடிஞ்சுது. இதுல ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது, மலைல காத்தழுத்தம் கம்மி, கடல்மட்டத்துல 101 கிலோபாஸ்கல்னா நமக்கு 80 சுமார், அதை மாத்தாம அப்படியே போட்டா 8, 9 சதவீதம் குறைச்சுக் காட்டும். இணையத்துல கிடைக்குற ரெடிமேட் எக்செல் பல பேருக்கு இங்கதான் சறுக்கும், உயரம் கேக்குற கட்டத்துல 0ன்னு விட்டுருப்பாங்க.

இப்ப எந்த சாட்டிலைட். எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது நாசா பவர் வெப்சைட்ல, நானும் அப்படித்தான். மேப்ல நம்ம காட்டைத் தொட்டா 1984ல இருந்து தினசரி வெயில் கணக்கு ஃப்ரீயா வந்து விழும், புரோகிராம் எழுதத் தெரியணும்ங்கற அவசியமே இல்ல. பாக்க அவ்வளவு சுத்தமா இருக்கும், அதுதான் ஆபத்து. அந்த வெயில் கட்டம் 1 டிகிரிக்கு 1 டிகிரி, பக்கத்துக்கு 110 கிலோமீட்டர் சுமார். அட்ச ரேகை 10ல இருந்து 11, தீர்க்க ரேகை 77ல இருந்து 78ன்னு கோடு போட்டுப் பாருங்க, கொடைக்கானல், பழனி, உடுமலை, திண்டுக்கல், தேனி, அந்தப் பக்கம் மூணாறு, எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ள. மூணாறு மோடமும் திண்டுக்கல் வெயிலும் சேந்து ஒரு சராசரி, அதை எங்க கேரட்டுக்குப் போடணுமாம். வெப்பநிலையும் கிட்டத்தட்ட இதே கதை, கட்டம் கொஞ்சம் சின்னது, அரை டிகிரி சுமார், ஆனா அந்தக் கட்டத்தோட சராசரி உயரத்துக்கான வெப்பநிலைதான் வரும். நம்ம காடு அந்த சராசரியை விட 1,000 மீட்டர் மேல இருந்தா 6.5 டிகிரி கூடக் காட்டும், அதை அப்படியே ஹார்க்ரீவ்ஸ் ஃபார்முலால போட்டா 3.2க்குப் பதிலா 3.9, குட்டை 18 நாள்னு பதறிப்போய் பாதிக் கேரட்டைக் கைவிட்டுருவோம். 40 வருஷ சராசரி, எந்த மாசம் எந்த மாசத்தை விட வெயில் அதிகம், இதுக்கெல்லாம் பவர் நல்லது. நாளைக்கு மோட்டார் போடலாமாங்கற கேள்வியை அதுகிட்ட கேக்காதீங்க.

அடுத்தது மோடிஸ், நாசா சாட்டிலைட்ல இருக்குற ஒரு சென்சார், அது கொடுக்குற ஈடி 500 மீட்டர் கட்டம், 8 நாளைக்கு ஒரு தடவை. ஒரு கட்டம் 62 ஏக்கர். எங்களைச் சுத்தி 62 ஏக்கர்ல பைன் இருக்கு, வாட்டில் இருக்கு, தைல மரம் இருக்கு, புல்வெளி இருக்கு, நடுவுல எங்க கேரட் ஒரு பொட்டு. மரக்காட்டுல இருந்து எவ்வளவு தண்ணி போகுதுன்னு கேட்டா சொல்லும். விட்டுட்டேன்.

லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சாட்டிலைட்லதான் நான் ரொம்ப நாள் மயங்கிக் கிடந்தேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நிலம் எவ்வளவு சூடா இருக்குன்னு மேல இருந்து பாக்குது, தண்ணி விடுற பயிர் குளுந்திருக்கும், காய்ஞ்ச நிலம் கொதிக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒவ்வொரு இடமும் எங்க நிக்குதுன்னு பாத்து ஈடி சொல்றது, செபால், மெட்ரிக்னு அந்த முறைகளுக்குப் பேரு. சூடு பாக்குற சென்சார் 100 மீட்டர், அதாவது ரெண்டரை ஏக்கர், நமக்கு ஓரளவு பக்கத்துல வந்துருச்சு. முதல் தடவை அந்தப் படத்தை லேப்டாப்ல திறந்தப்ப எங்க குட்டை நீலப்புள்ளியா தெரிஞ்சதும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன், அவரு "நம்ம குட்டையா இது, இவ்வளவுதானா"னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

இந்த முறைக்கு ஒரு நல்ல காய்ஞ்ச நிலமும் ஒரு நல்ல ஈர நிலமும் அளவுகோலா வேணும், ரெண்டும் ஒரே மாதிரி சமதரைல இருக்கணும். படத்துல காய்ஞ்ச நிலம் கிடைக்குறது வத்தலக்குண்டு பக்கம் 300 மீட்டர்ல, ஈர நிலம் இங்க. உயரத்தாலயே 10 டிகிரிக்கு மேல வித்தியாசம் வருது, உயரத்தைக் கழிக்காம ஓட்டுனா மலைல இருக்குறது எல்லாமே தண்ணில மிதக்குற மாதிரி ரிசல்ட் வரும். அதையும் கழிச்சேன்னு வைங்க, அடுத்தது சரிவு. லேண்ட்சாட் 8ம் 9ம் நம்ம மேல போறது காலை 10 மணி வாக்குல. அந்த நேரத்துல கிழக்கு பாத்த படியெல்லாம் 3 மணி நேரம் வெயில் குடிச்சு சூடேறி இருக்கும், மேற்கு பாத்த படி அப்பதான் வெயிலைப் பாக்குது. நான் முந்துன நாள்தான் தண்ணி விட்ட கிழக்குப் படியை காய்ஞ்சு கிடக்குன்னு சொல்லுச்சு, பத்து நாளா தண்ணி பாக்காத மேற்குப் படியை செழிப்பா இருக்குன்னு சொல்லுச்சு. ஒண்ணும் தப்பா அளக்கல அது, அளந்ததுக்கு நாம கொடுக்குற அர்த்தம்தான் மலைல செல்லுபடியாகல.

இதெல்லாத்தையும் திருத்த வழி இருக்கு, உயர மேப்பும் சரிவுக் கணக்கும் சேத்தா ஓரளவு வரும், ஆனா கடைசில ஒண்ணு இடிச்சுச்சு, அதுக்குத் திருத்தம் கிடையாது. காலை 10 மணிக்கு ஒரு தடவை பாத்துட்டு அந்த நாள் பூராவுக்கும் ஈடி சொல்லணும்னா, மிச்ச நாளும் அதே மாதிரி வெயில் அடிக்கும்னு நம்பணும். கொடைக்கானல்ல ஒரு சீசனாவது இருந்தவங்களுக்குத் தெரியும், காலைல கண்ணு கூசுற வெயில், மத்தியானச் சோத்துக்கு உக்காரும்போது மேகம் படி ஏறி வந்து எதிர்ல இருக்குற ஆளை மறைச்சுரும். இதை அளந்துதான் பாப்போமேன்னு சோலார் வேலிக்கு வாங்கிட்டு மிச்சமான ஒரு 10 வாட் பேனலை கூரை மேல படுக்க வச்சு, மல்டிமீட்டரை ரெண்டு வயர்லயும் நேரா மாட்டி ஷார்ட் கரண்ட் பாத்தேன், அது வெயிலுக்கு நேர் விகிதத்துல ஏறி இறங்கும், முழு வெயில்ல 0.62 ஆம்பியர் காட்டணும்னு பேனல் முதுகுல ஒட்டியிருக்கு. (பேட்டரி மாட்டி பாத்தா பிரயோஜனம் இல்ல, பேட்டரி நிறைஞ்சதும் கன்ட்ரோலர் அடைச்சுரும், நான் ஒரு வாரம் அப்படி ஏமாந்தேன்.) 10 மணிக்கு 0.51. 12 மணிக்கு 0.58. ஒன்றரைக்கு 0.11. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அது நிமிரவே இல்ல. 1899ல சூரிய ஆய்வகம் ஆரம்பிச்ச மலை இது, 1909ல எவர்ஷெட்ங்கற வானியலாளர் சூரியப் புள்ளில இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்ச மலை, அதே மலைல நான் ஒரு ஓட்டைப் பேனலை வச்சுக்கிட்டு கண்டுபிடிச்சது, மத்தியானம் மேகம் வரும்ங்கறது. ஆனா நம்பரா பாத்ததுக்கு அப்புறம் லேண்ட்சாட் மேல இருந்த மயக்கம் தெளிஞ்சுருச்சு. வெயில் 20 மெகாஜூல்னா ஈடி 3.5 வருது, 12ன்னா 2.3தான். 10 மணி வானத்தைப் பாத்தா ரெண்டு நாளும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். அதுலயும் லேண்ட்சாட் ரெண்டும் சேந்தே 8 நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அன்னைக்கு மேகம்னா 16 நாள்.

விண்வெளி நிலையத்துல 2018ல மாட்டுன ஈகோஸ்ட்ரெஸ் மத்தியானத்துலயும் பாக்கும், 70 மீட்டர் கூர்மை, கேக்க ஆசையா இருக்கும், ஆனா அது எப்ப வரும்னு பஞ்சாங்கம் பாக்கணும், மத்தியானம் வந்தா மேகத்தோட முதுகைப் படம் எடுத்துட்டுப் போகும்.

அதனால கடைசில நான் வந்து நின்னது நம்ம இன்சாட்ல, எல்லாத்தையும் விட மங்கலா பாக்குற சாட்டிலைட். 3டிஆர் 2016ல போனது, 3டிஎஸ் 2024 பிப்ரவரில போனது, 36,000 கிலோமீட்டர் உயரத்துல பூமத்திய ரேகைக்கு மேல ஒரே இடத்துல நம்ம நாட்டைப் பாத்தபடி நின்னுக்கிட்டு அரைமணிக்கு ஒரு படம் எடுக்குது. மேகம் எவ்வளவு வெள்ளையா தெரியுதோ அவ்வளவு வெயில் திரும்பி வானத்துக்கே போயிருச்சுன்னு அர்த்தம், மிச்சம் தரைக்கு வந்துருக்கும், அதுதான் கணக்கோட சாரம். அகமதாபாத் இஸ்ரோ மையத்தோட மொஸ்டாக் தளத்துல பேரு பதிஞ்சா ஃப்ரீயா எடுத்துக்கலாம், கட்டம் 4 கிலோமீட்டர். 4 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட 4,000 ஏக்கர், லேண்ட்சாட்டோட ரெண்டரை ஏக்கரை விட்டுட்டு இதுக்கு வர்றது கிறுக்குத்தனம் மாதிரிதான் இருக்கும். ஆனா மத்தியான மேகம் எங்க ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் தனியா வர்றதில்லையே, மொத்தப் பள்ளத்தாக்கையும்தான் மூடுது, அதை அரைமணிக்கு ஒரு தடவை பாக்குற கண்ணு எனக்குப் போதும். கூரைப் பேனலோட ஒப்பிட்டுப் பாத்தப்ப ஒன்றரை மணி சரிவு இன்சாட்லயும் அச்சு அசலா விழுந்துச்சு.

இன்சாட்டும் ஏமாறும், அது ஏமாறுற விதம் கொஞ்சம் அழகானது. டிசம்பர் ஜனவரி காலைல சில நாள் மேகம் நமக்குக் கீழ கிடக்கும், பள்ளத்துல பால் ஊத்துன மாதிரி, நாம மேல சுள்ளுன்னு வெயில்ல நிப்போம். சாட்டிலைட்டுக்கு அந்தக் கட்டத்துல பாதிக்கு மேல வெள்ளை, இங்க மோடம்னு எழுதிக்குது. அந்த மாதிரி நாள்ல அப்பாகிட்ட "காலைல வெயில் இருந்துச்சா"னு கேட்டு கையால திருத்துறேன். சரிவுக் கணக்கும் அதுக்குத் தெரியாது, காலை வெயிலும் மத்தியான மேகமுமா இருக்குற ஊர்ல கிழக்கு பாத்த படிக்கு நாளோட வெயில்ல பெரும்பங்கு போய் சேந்துரும், மேற்கு பாத்த படிக்கு வெயில் திரும்புற நேரத்துல மேகம் வந்துரும். கிழக்குப் படிக்கு ஒரு தண்ணி கூட விடணும்னு எங்க தாத்தா காலத்துல இருந்தே பழக்கம், நான் கிழக்குக்கு 1.1, மேற்குக்கு 0.9ன்னு பெருக்குறேன், இந்த ரெண்டு நம்பரும் நான் கண்ணு மதிப்புல போட்டது, உங்க காட்டுக்கு வேற வரும்.

பக்கத்துக் காட்டு அண்ணன் "பிளாக் வெதர் ஸ்டேஷன் இருக்கே தம்பி, அதை எடுத்துக்கக் கூடாதா"னு கேட்டாரு. உங்க காடு அதுக்குப் பக்கத்துலயே ஒரே உயரத்துல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கங்கண்ணே, வேற எதுவும் வேண்டாம். எங்களுக்கு அதுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு மலை முதுகு. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் நிழல் மரத்துக்குக் கீழ காப்பி வச்சிருக்கவங்களுக்கு நான் மேல சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது, மரத்துக்கு மேல விழுற வெயில் வேற, காப்பிச் செடிக்கு வந்து சேர்றது வேற. ஒட்டன்சத்திரம் சமவெளில இருந்தா நான் குறை சொன்ன லேண்ட்சாட்டே உங்களுக்கு நல்லா வேலை செய்யும், சரிவும் இல்ல, மத்தியான மேகமும் இல்ல.

செண்டினல் 2ங்கற ஐரோப்பிய சாட்டிலைட் பத்தி ஒரு வரி சொல்லிரணும், அதுல சூடு பாக்குற சென்சார் கிடையாது, ஈடி நேரா வராது, ஆனா 10 மீட்டர் கூர்மை, ரெண்டரை சென்ட்டுக்கு ஒரு புள்ளி, கேரட் இலை தரையை எவ்வளவு மூடியிருக்குன்னு பாத்து கெழு 0.7ல இருந்து 1.05க்கு எப்ப ஏத்தணும்னு முடிவு பண்ணலாம். ஒன்றரை ஏக்கர்காரன் அதுக்கு நடந்து போய் பாத்துக்கலாம், 20 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பண்றவங்களுக்கு உபயோகம்.

இப்ப என் வேலை இவ்வளவுதான், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டவர் கிடைக்குற மேட்டுக்குப் போய் அன்னைக்கு இன்சாட் ஃபைலை இறக்குறது, வாசல்ல தொங்குற தெர்மாமீட்டர்ல இருந்து ரெண்டு நம்பர், அழுத்தம் 80, பிரீஸ்ட்லி டெய்லர், முடிஞ்சுது. போன பிப்ரவரி சராசரி 2.7 வந்துச்சு. 50 சென்ட் கேரட்டுக்கு நாளைக்கு 7,650 லிட்டர், குட்டை 26 நாள். டிசம்பர் முதல் வாரம் விதைச்சது, மார்ச் பாதில பிடுங்கணும், ஓடை நிக்கிறதுல இருந்து எண்ணுனா 28 நாள் வேணும், கடைசிப் பருவத்துல கெழு குறையுறதால கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து சேரும். கீழ ரெண்டு படிலயும் விதைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். சித்தப்பா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் வந்து "அந்த மேகம் பாக்குற சாட்டிலைட்ல மழை எப்பன்னு தெரியுமா"னு கேட்டாரு, அது வேற ஃபைல் சித்தப்பான்னு சொல்லியிருக்கேன்.